மூன்று சபைகள் சேர்ந்து செய்த ஊர்

சட்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. நான் அவற்றைப் படித்ததில்லை. சட்டம் செய்தவர்கள் எழுந்து போன பிறகு மேசை துடைத்தவன் நான். பிரஸ்ஸல்ஸில் ஏழு வருடம் அந்த வேலை செய்தேன்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பு, மொஸ்கோ, உக்ரேனில் ஒரு கோழிப்பண்ணையின் பின்பக்கம், போலந்து எல்லையில் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீர், ஜெர்மனியில் ஆறு மாதம் தடுப்பு, பிறகு ஹொலண்ட் அகதி முகாம். இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. என் வயதுக்காரர் பலர் இப்படித்தான் வந்தார்கள். ஹொலண்ட் கடவுச்சீட்டு கிடைத்த அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் ஏறினேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அங்கே மட்டும் எப்படி ஏழு வருடம் தங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. சம்பளத்துக்காக இல்லை என்பது நிச்சயம். வேடிக்கை பார்க்கத்தான் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பிய நாடுகள் கூடிச் சட்டம் செய்யும் முறை இதுதான். மூன்று சபைகள் உண்டு. முதலாவது சபை ஓர் ஆணையம். அதற்கு மட்டும்தான் சட்டத்தை எழுதித் தொடங்கும் உரிமை. அங்கே இருப்பவர்களைச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவதில்லை. இரண்டாவது, சனம் வாக்குப் போட்டு அனுப்பியவர்களின் பாராளுமன்றம். அவர்கள் தாங்களாக ஒரு சட்டத்தைத் தொடங்க முடியாது. வந்ததில் திருத்தம் செருகலாம். கட்டுக்கட்டாகச் செருகுவார்கள், நான் கட்டுக்கட்டாகக் கூட்டி அள்ளுவேன். மூன்றாவது, நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம். அமைச்சர் வருவதற்கு முன்பே அவருடைய அதிகாரிகள் முக்கால்வாசியைப் பேசி முடித்திருப்பார்கள். அவர் வந்து படத்துக்கு நிற்பார். பிறகு தன் நாட்டுக்குப் போய், “பிரஸ்ஸல்ஸ் இப்படிச் சொல்லிவிட்டது, நான் என்ன செய்வது” என்று கையை விரிப்பார். பிரஸ்ஸல்ஸில் அதற்குக் கை தூக்கியவர் அவரேதான்.

மூன்று சபைகளும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றிலிருந்தும் சிலர் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு நீளக் கடதாசிக் கட்டு இருக்கும். பக்கத்துக்கு நான்கு நிரல். முதல் நிரலில் ஆணையம் எழுதியது, இரண்டாவதில் பாராளுமன்றம் கேட்டது, மூன்றாவதில் அமைச்சர்கள் கேட்டது. நான்காவது நிரல் வெறுமையாக வரும். அதில் நிரம்புவதுதான் சட்டம். அந்த நிரலை யார் எழுதினார்கள் என்று அதில் பெயர் இராது. முதல் மூன்றுக்கும் தகப்பன் பெயர் உண்டு, நான்காவதுக்குக் கிடையாது.

ஒருமுறை அப்படி ஒரு பக்கத்தைக் கதிரைக்குக் கீழே எடுத்தேன். கொங்கோ நாட்டுப் பெண் ஒருத்தி என்னோடு வேலை செய்தாள். பிரெஞ்சு வாசிப்பாள். வாசித்துவிட்டு, “இது எங்களைப் பற்றியது” என்றாள். எங்களைப் போல ஆள்பிடித்து அனுப்பும் கொம்பனிகளில் வேலை செய்பவர்களுக்கு அடுத்த ஷிப்ட் எப்போது என்று எவ்வளவு முன்னதாகச் சொல்லவேண்டும் என்ற சங்கதி. ஒரு நிரலில் இத்தனை நாள் என்று இருந்தது. இன்னொன்றில் நாளே இல்லை. நான்காவதில் ‘நியாயமான அளவு முன்னதாக’ என்று இருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் தளும்பியது. அன்று மாலை ஐந்து மணிக்கு எனக்குக் கொம்பனியிலிருந்து செய்தி வந்தது, மறுநாள் காலை நான்கு மணிக்கு வரும்படி. நியாயமான அளவு.

பிறகு லண்டனுக்கு வந்தேன். இங்கிலாந்துக்காரர் அந்த மூன்று சபைகளையும் வருடக்கணக்கில் வைது தீர்த்துவிட்டு வெளியேறினார்கள். வெளியேறும்போது அங்கே செய்த சட்டங்களையெல்லாம் படியெடுத்துத் தங்கள் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவன் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. நான் பிளேஸ்டோவில் ஓர் அறையில் இருந்துகொண்டு, அப்டன் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடைக்குப் பெட்டி இறக்குகிறேன். இன்னும் அதே கூலி வேலைதான்.

என் நண்பனைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஹொலண்ட் முகாமில் ஒரே இரட்டைக் கட்டிலில் அவன் மேலே, நான் கீழே. ஒரே சட்டியில் சமைத்தோம். ஊரில் இருந்திருந்தால் இது நடந்திராது. எங்கள் ஊரை ரயில் பாதை இரண்டாக வெட்டுகிறது. கிழக்கே கோயில், பள்ளிக்கூடம், நாங்கள். மேற்கே அவன் ஆட்கள். அவர்கள் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது, கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. எங்கள் வளவுக்கு வேலைக்கு மட்டும் வரலாம். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. ‘பாதைக்கு அங்காலை’ என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

நண்பனுக்கு ஒரே மகள். ஹொலண்டில் பிறந்தவள், பத்து வயதில் இங்கே வந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். இந்த விஷயத்தை அவன் அவளுக்குச் சொன்னதே இல்லை. எங்கள் ஊர்ப் படம் எதையாவது யாராவது போனில் அனுப்பினால், “பார், எங்கடை கோயில்” என்று காட்டுவான். அந்தக் கோயிலுக்குள் அவன் கால் வைத்ததில்லை.

“ஏன்டா பொய் சொல்லுறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பொய் இல்லை மச்சான். அவளுக்குத் தெரியாட்டி அது என்னோடை செத்துப்போகும். நான் சுவர் பூசிச் சம்பாதிச்சது வீட்டுக்கில்லை, இதுக்குத்தான்” என்றான். அவன் வேலை பிளாஸ்டரிங்.

எங்கள் ஊர் ஒன்றியத்துக்கு சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, ஜெர்மனி, லண்டன் என்று கிளைகள் உண்டு. கோடையில் லண்டனில் ஊர்களுக்கிடையே விளையாட்டு விழா நடக்கும். நண்பனின் மகள் எங்கள் ஊர் வலைப்பந்து அணியின் தலைவி. ஒரு கோடையில் எங்கள் அணி வென்றது. தோற்ற ஊர்க்காரர், எங்கள் அணியில் இரண்டு பிள்ளைகள் வேற்றூரிலிருந்து கூட்டிவந்தவர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். அது உண்மை. எங்கள் லண்டன் தலைவர்தான் கொவென்றியிலிருந்து காரில் ஏற்றி வந்தார். கிண்ணம் பறிபோனது. ஆகவே ‘ஊரவர் யார்’ என்று ஒரு சட்டம் வேண்டும் என்று ஆனது.

பிளேஸ்டோவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கூட்டம். தலைவர் சுவிஸிலிருந்து வந்து இங்கே மொத்த வியாபாரம் செய்பவர், வீடு விம்பிள்டனில். மற்றக் கிளைகளோடு முப்பது வருடமாகச் சண்டை பிடிப்பவர். யார் சட்டம் எழுதுவது என்பதிலேயே கூட்டம் ஒரு மணி நேரம் நின்றது. லண்டன் எழுதினால் சுவிஸ் ஒத்துக்கொள்ளாது, சுவிஸ் எழுதினால் பிரான்ஸ் கிழித்தெறியும்.

“பிரஸ்ஸல்ஸிலை வேலை செய்தவர் ஒருத்தர் எங்களுக்கை இருக்கிறார். அவரைக் கேப்பம்” என்றார் தலைவர்.

“நான் அங்கை கக்கூஸ் கழுவினனான் அண்ணை.”

“ஆரின்ரை கக்கூஸ்? பாராளுமன்றத்தின்ரைதானே. வாரும், வந்து சொல்லும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு குரங்குப் புத்தி வந்தது. மேசையில் விரித்திருந்த வெள்ளைக் கடதாசியில், வடை எண்ணெய்க் கறைகளுக்கு நடுவே, நான்கு நிரல் கீறினேன்.

“எழுதிறவன் வாக்குப் போடமாட்டான். வாக்குப் போடுறவன் எழுதமாட்டான். முடிவு எடுக்கிறவை கதவைப் பூட்டிப்போட்டு எடுப்பினம். கடைசியிலை சட்டம் பிழைச்சால் ஒருத்தனையும் பிடிக்கேலாது. அவனைக் கேட்டால் இவனைக் காட்டுவான், இவனைக் கேட்டால் மற்றவனைக் காட்டுவான். நாலாவது நிரலை ஆர் எழுதினது எண்டு கடவுளுக்கும் தெரியாது” என்றேன்.

இவர்கள் சிரித்து உருளப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுந்து வந்து, கடதாசியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்து, கறை உள்ளே போகும்படி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“இதுதான் முறை. ஒருத்தன்ரை தலையிலையும் பழி விழாது” என்றார்.

பகிடியாகச் சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள எங்கள் ஆட்களால்தான் முடியும். நான் மறுத்துப் பேசியிருக்கவேண்டும். “ஆலோசகர்” என்று என் பெயரைப் பதிந்தார்கள், பேசாமல் இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்புக்காரனுக்கு அந்தச் சொல் இனிக்கத்தான் செய்தது.

குளிர்காலம் முடிவதற்குள் மூன்று சபைகளும் முளைத்துவிட்டன. சுவிஸில் ஒரு செயலகம். செயலாளர் ஒருவரும் அவருடைய மடிக்கணினியும்தான் செயலகம். அது மட்டும்தான் எழுதித் தொடங்கலாம். கிளைத் தலைவர்களின் மன்றம் ஒன்று. குடும்பங்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகள் சபை ஒன்று, அதில் ஐரோப்பாவில் பிறந்த இளம் ஆட்களும் இருந்தார்கள். ஊரில் ஒரு வாசிகசாலைக் கூரையைப் போடப் பத்து வருடம் எடுத்தவர்கள் இதை நான்கு மாதத்தில் செய்தார்கள்.

செயலகம் எழுதியது எளிமையாக இருந்தது: ஊரில் பிறந்தவரும் அவர்கள் பிள்ளைகளும் ஊரவர். பிரதிநிதிகள் சபை, ஊரவரை மணந்தவரையும் சேர்க்கச் சொன்னது. தலைவர்கள் மன்றம், ‘ஊர் என்பதன் எல்லை வரையறுக்கப்படல் வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தது. அந்த வரியைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பிரஸ்ஸல்ஸில் எத்தனையோ அப்பாவி வரிகளைக் கூட்டி அள்ளியவன், இதைக் கோட்டை விட்டேன்.

மூன்று சபையும் பேசி முடிக்கும் கூட்டம் விம்பிள்டனில், தலைவர் வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்தது. செயலாளரும் பாரிஸ் தலைவரும் வந்திருந்தார்கள். பிரதிநிதிகள் சபைக்காக ஹரோவிலிருந்து ஒரு கணக்காளர். தட்டெழுத ஆள் வேண்டும், ஆங்கிலப் பிரதியும் வேண்டும் என்றபோது, நண்பன் பெருமையோடு மகளைக் கொடுத்திருந்தான். “லோ படிக்கிறாள், இவளை விட்டால் ஆர்?” அவளும் மடிக்கணினியோடு வந்து மேசை ஓரத்தில் இருந்தாள். நான் தேத்தண்ணி போட்டேன். ஆலோசகரின் வேலை அதுதான்.

அங்கே நடந்தது இதுதான். மணந்தவரைச் சேர்க்கலாம் என்று தலைவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகக் கணக்காளர் எல்லை வரியை ஏற்றுக்கொண்டார். பாரிஸ் தலைவர் ஒரு பழைய வரைபடம் கொண்டுவந்திருந்தார். தன் விரலை அதில் ஓட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல, மகள் நான்காவது நிரலில் தட்டெழுதினாள். கிழக்கே கடற்கரை வீதி. வடக்கே சந்தை. தெற்கே வாய்க்கால். மேற்கே புகையிரதப் பாதை.

என் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் சீனி எடுத்தார்.

“மாமா, இது என்ன சென்டென்ஸ்? முழக் கணக்கிலை நீளமா இருக்கு. பிரீத் எடுக்க இடமில்லை” என்று மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இப்படி எழுதினா எங்கடை லெக்சரர் ஃபெயில் பண்ணுவார்.”

“அதுதான் பிள்ளை சட்டம்” என்றார் செயலாளர்.

அன்று மாலை நண்பனிடம் போய்ச் சொன்னேன். அவன் பூச்சு வேலை முடித்து வந்து முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தான். மேற்கே புகையிரதப் பாதை என்றதும் குழாயை மூட மறந்து நின்றான்.

“அவள்தான் டைப் அடிச்சவளோ?”

“ஓம். அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்த வசனம் அப்படி.”

“அதைத் தூக்கு மச்சான். நீதானே ஆலோசகர். இவள் வீட்டை இருந்து இங்கிலிசிலை மாத்தப்போறாள். ஒவ்வொரு சொல்லாப் பாப்பாள், அவளின்ரை குணம் அது.”

“நீ அவளைச் செய்யவேண்டாம் எண்டு சொல்லன்.”

“ஏன் எண்டு கேட்டால்?”

போனை எடுத்தேன். முதலில் சுவிஸ் செயலாளர்.

“நான் எழுதினதிலை எல்லையே இல்லையே தம்பி. முதல் நிரலைப் பாரும். இப்ப அது என்ரை கையை விட்டுப் போட்டுது. ரெண்டு சபையும் ஒத்துக்கொண்டதை நான் எப்பிடி மாத்திறது?”

அடுத்தது தலைவர்.

“நாங்கள் எல்லை வேணும் எண்டுதானே கேட்டனாங்கள். எந்த எல்லை எண்டு நாங்கள் எழுதேல்லை. அது மூண்டு பேரும் சேந்து இருந்து எழுதினது. நீரும்தானே நிண்டனீர்.”

“நான் தேத்தண்ணி குடுத்தனான் அண்ணை.”

“குடுத்தனீர்தானே.”

பிறகு ஹரோ கணக்காளர். அவர் மெத்தப் படித்தவர், மென்மையாகப் பேசினார். “எனக்கும் அது பிடிக்கேல்லை பாருங்கோ. ஆனால் மணந்தவையைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒண்டைக் குடுத்தால்தானே ஒண்டு. இனிச் சபையிலை முழுசா ஏற்கலாம், இல்லாட்டி முழுசா விடலாம். ஒரு வரியை மட்டும் உருவ ஏலாது. நடைமுறை அப்படி. உங்களுக்குத் தெரியாததே?”

எனக்குத் தெரிந்ததுதான். நானே வடைக் கறைக்கு நடுவில் கீறிக் கொடுத்தது. மூன்று பேரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதுதான் அதன் அழகு. ஊரில் எங்கள் பெரியப்பா ஒருவர் கையில் தடியோடு கோயில் வாசலில் நிற்பார். அவரைக் காறித் துப்பலாம், குறைந்தது யாரைத் துப்புகிறோம் என்று தெரியும். இவர்கள் அதே வாசலை மடிக்கணினியில் கட்டிவிட்டு, தடி பிடித்தவன் யாரென்று தெரியாதபடி செய்துவிட்டார்கள். தலைக்கு ஐரோப்பா என்று தொப்பி வேறு.

வாக்கெடுப்பு அடுத்த சனிக்கிழமை, பிளேஸ்டோ மண்டபத்தில். சுவரில் பெரிய திரை கட்டி மற்ற நாட்டுக் கிளைகளை சூமில் எடுத்திருந்தார்கள். ஒஸ்லோ, பாரிஸ், சூரிச், டோர்ட்மண்ட் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. நண்பன் கடைசி வரிசையில் இருந்தான். மகள் மூன்று நாளாக வீட்டில் அதிகம் பேசவில்லை என்று மட்டும் சொன்னான். பரீட்சை என்று நினைத்தானாம். நினைக்க விரும்பினான் என்று நினைக்கிறேன்.

செயலாளர் தமிழ்ப் பிரதியை வாசித்தார். ‘மேற்சொன்ன எல்லைகளுக்குட்பட்டதும் பாரம்பரியமாக ஊரென அறியப்பட்டதுமான நிலப்பரப்பினைப் பூர்வீக வதிவிடமாகக் கொண்டிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும்’ என்று அது போய்க்கொண்டே இருந்தது. பலர் போனைப் பார்த்தார்கள். டோர்ட்மண்ட் கட்டத்தில் ஒருவர் வாழைப்பழம் உரித்தார். பிறகு தமிழ் விளங்காத இளையவர்களுக்காக ஆங்கிலப் பிரதியை வாசிக்கும்படி தலைவர் மகளை அழைத்தார்.

அவள் எழுந்து நின்றாள். கையில் ஒரே ஒரு தாள். ஒரு பக்கத் தமிழ் அவளிடம் இரண்டு வரியாக இருந்தது. அவள் ஆங்கிலத்தில் வாசித்தது இவ்வளவுதான்: ரயில் பாதைக்குக் கிழக்கே குடும்பம் இருந்தவர்கள் இந்த ஊரவர். ரயில் பாதைக்கு மேற்கே குடும்பம் இருந்தவர்கள் இந்த ஊரவர் அல்ல.

வாசித்துவிட்டு நின்றாள், கதிரையில் இருக்கவில்லை.

ஒஸ்லோக் கட்டத்தில் ஒரு பெடியன், இருபது வயது இருக்கும், ஒலியைத் திறந்தான். “சொரி அங்கிள், ஒரு கேள்வி. வெஸ்ட்டிலை ஆர் இருக்கினம்?”

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். எல்லோருக்கும் பதில் தெரியும். குளிர்பெட்டி இரைந்தது.

“அது வந்து… வேற ஊர்” என்றார் பாரிஸ் தலைவர்.

“வேற ஊருக்குப் பேர் என்ன?” அவன் உண்மையாகவே கேட்டான், குறும்பு இல்லை. “நான் கூகிள் மப் பாக்கிறன். ரெண்டு பக்கமும் ஒரே பேர்தானே போட்டிருக்கு.”

தலைவர் மகளின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, மொழிபெயர்ப்பிலை ஏதோ பிழை நடந்திருக்கு.”

“எந்தச் சொல்லு அங்கிள்?” என்றாள் அவள். “சொல்லுங்கோ, திருத்துறன்.”

அவர் தமிழ்த் தாளைப் பார்த்தார். ஆங்கிலத் தாளைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கணக்காளரைப் பார்த்தார். கணக்காளர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தொடங்கியது கூத்து. செயலாளர், எல்லை மன்றம் கேட்டது என்றார். தலைவர், எல்லையைச் சொன்னது பாரிஸ் என்றார். பாரிஸ், வரைபடத்தைத்தான் கொண்டுவந்தேன், எழுதச் சொல்லவில்லை என்றார். பிரதிநிதிகள் சபையில் இன்னொருவர், எங்களுக்குக் கிடைத்ததே நேற்றுத்தான் என்றார். இவ்வளவு சத்தத்திலும் மேற்கே யார் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. ஒருவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் விழுந்திருந்தால் நான் அவரை மதித்திருப்பேன்.

பின்வரிசையைப் பார்த்தேன். நண்பன் இல்லை. கதவு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் தலைவர் மேசையைத் தட்டி, சட்டம் ‘மீள்பரிசீலனைக்காக’ செயலகத்துக்குத் திருப்பப்படுகிறது என்று அறிவித்தார். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் ஏன் என்று சொல்லவேண்டுமே. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. நிறைவேறவும் இல்லை, கைவிடப்படவும் இல்லை. ஊரவர் யாரென்று தீர்மானமாகாதபடியால் அடுத்த கோடையில் எங்கள் ஊர் வலைப்பந்து அணியை இறக்கவில்லை. நண்பனின் மகளை நீக்கியதாக ஒரு கடிதம் இல்லை, ஒரு வாக்கு இல்லை. அணி இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு வேண்டியது சட்டம் இல்லாமலே கிடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் தேடிப் போனேன். நண்பன் பிளேஸ்டோ ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு கோழிப் பொரியல் கடைக்கு முன்னால் நின்றான். மகள் எனக்கு முன்பே அங்கே போய்விட்டாள். நான் கிட்டப் போனபோதும் அவன் என்னைப் பார்க்கவில்லை.

அவள்தான் பேசினாள். தகப்பனிடம்.

“அப்பா, நீங்க ஒருநாள் என்ரை போன் மப்பிலை ஊரிலை இருந்த எங்கடை வீட்டுக்கு ஒரு பின் குத்தித் தந்தனீங்கள். நான் சட்டத்திலை சொன்ன எல்லைக்கு லைன் கீறிப் பாத்தன். பின் மற்றப் பக்கம் விழுது. முதல்லை நான் கீறினது பிழையெண்டு நினைச்சன். மூண்டு தரம் கீறினன்.”

அவன் தலையை ஆட்டினான்.

“பிறகு கூகிள் பண்ணினன். பிறகு அம்மாட்டைக் கேட்டன். அம்மா அழுதா. அந்தக் கோயில் போட்டோ காட்டுவீங்களே. அதுக்குள்ளை போயிருக்கிறீங்களா?”

“இல்லை” என்றான்.

கோழிக் கடைக்காரன் வெளியே வந்து, வழியை விட்டு நிற்கும்படி சொன்னான். மூவரும் இரண்டு அடி தள்ளி நின்றோம். நண்பன் கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டான். இருபது வருடம் அவன் பூசி மறைத்த சுவர் அது. அதை உடைத்தவர்கள் அதை உடைக்க எண்ணிக்கூட இருக்கவில்லை. அவர்கள் ஒரு கிண்ணத்துக்காகக் கூடியவர்கள்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்று அழைப்பவள், பிறந்தநாளுக்கெல்லாம் என் மடியில் இருந்தவள்.

“மாமா, அண்டைக்கு விம்பிள்டனிலை நான் அதை டைப் பண்ணேக்கை நீங்க பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?”

“ஓம்.”

“உங்களுக்குத் தெரியும்?”

மூன்று சபைக்காரரும் சொன்ன பதில்கள் எல்லாம் என் வாய் வரைக்கும் வந்தன. தேத்தண்ணித் தட்டு உட்பட.

“ஓம்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போனாள். நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கடைக்குப் பெட்டி இறக்கப் போனேன்.